விடைக்கு முன்னே எழுதி வைக்கப்பட்ட வினா: மதுரையின் கருவிழிப்புண் சோதனைகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றும் நாட்களில், பறந்து வரும் சுணையோ நெல்மணியோ கண்ணில் அடித்துவிடுவது புதிய செய்தியன்று. சிலர் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். சிலர் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவார்கள். மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விடுபவர்களும் உண்டு. அதில் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்து, கண்ணில் புகுந்தது பூஞ்சையாக இருந்துவிட்டால், நிலைமை பன்மடங்கு மோசமாகும். புண் ஆறிய பிறகும் கருவிழியில் வெண்ணிறத் தழும்பு நின்றுவிட்டால் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பது ஊர்வழக்கு. தழும்புக்கு முன் வரும் அந்தப் புண்ணை மருத்துவர்கள் கருவிழிப்புண் என்கிறார்கள்.

மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 11.3 பேர் இந்நோய்க்கு ஆளாவதாகக் கண்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஓம்ஸ்டெட் மாவட்டத்தின் விகிதத்தைப் போல இது ஏறத்தாழப் பத்து மடங்கு. அடுத்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றே மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழியின் நடுப்பகுதியில் புண்ணோடு வந்த 434 பேர் ஆராயப்பட்டனர். அவர்களில் 65.4 விழுக்காட்டினருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த 297 மாதிரிகளில் 140இல் பாக்டீரியா மட்டும் இருந்தது. 139இல் பூஞ்சை மட்டும் இருந்தது. குளிர்நாடுகளில் அரிதான பூஞ்சைப் புண் இங்கே பாக்டீரியாவுக்குச் சமமாக நின்றது என்பதே அந்த ஆய்வின் முதன்மையான செய்தி. வேறெங்கோ உருவான மருத்துவ வழிகாட்டி நூல்களை நம்பி இங்கே மருந்து எழுத முடியாது என்பதும், விடையை இந்த மண்ணிலேயே தேடியாக வேண்டும் என்பதும் அதிலிருந்து விளங்கின.

தேட வேண்டிய விடைகள் இரண்டு. பாக்டீரியாப் புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தால் தழும்பு குறைந்து பார்வை தேறுமா என்பது முதலாவது. மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டு வந்த கேள்வி அது. பூஞ்சைப் புண்ணுக்குப் பழைய மருந்தான நாட்டமைசின் ஏற்றதா, புதிய மருந்தான வோரிகோனசோல் ஏற்றதா என்பது இரண்டாவது. இதில் கட்சிப் பிரிவு அவ்வளவாக இல்லை. ஆய்வகத் தட்டில் வோரிகோனசோல் நன்றாக வேலை செய்தது, கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவியது. எல்லா மருந்தும் கைக்கெட்டும் என்றால் எதைத் தேர்வீர்கள் என்று கருவிழி மருத்துவர்களிடம் கேட்டபோது பெரும்பான்மையோர் வோரிகோனசோலையே சொன்னார்கள். நாட்டமைசினோ 1950களில் கண்டறியப்பட்ட பழம்பொருள். பால் போன்ற கலங்கலாக இருக்கும் அது கருவிழிக்குள் ஆழமாக இறங்குவதில்லை என்பது அதன்மேல் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்த குறை.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடிய விதமே இக்கட்டுரையின் பொருள். விடைகளைவிட அந்த விதத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம் என்பது என் எண்ணம்.

பதிவேடு ஏன் தேவைப்பட்டது

நம் கல்லூரி ஆய்வகங்களில் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர் ஒன்று உண்டு: 'ரிசல்ட் வரவில்லை.' சோதனையைச் செய்து முடித்து, அளந்து, அட்டவணையும் போட்டுவிட்ட மாணவர்தான் அப்படிச் சொல்கிறார். உண்மையில் முடிவு வந்துவிட்டது. எதிர்பார்த்த முடிவுதான் வரவில்லை. அந்த அட்டவணை மேசை இழுப்பறைக்குள் போய்விடும், வேறோர் அட்டவணை ஆய்வேட்டுக்குள் போகும். நெறியாளர் இதைக் கண்டுகொள்வதில்லை. பல வேளைகளில் வழிகாட்டுவதே அவர்தான்.

இதே பழக்கம் பெரிய அளவில் நடந்தால் என்னவாகும் என்பதை 2008இல் மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 சோதனைகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் இதழ்களில் எப்படி வெளியானது என்று தேடினார்கள். மருந்துக்குச் சாதகமாக முடிந்த 38இல் 37 வெளியாகியிருந்தன. சாதகமில்லாமலோ ஐயத்துக்கிடமாகவோ முடிந்த 36இல் மூன்று மட்டுமே உள்ளபடி வெளியாகியிருந்தன; 22 வெளிவரவே இல்லை; மீதி 11 சாதகமானவை போலத் தோற்றமளிக்கும்படி எழுதப்பட்டிருந்தன. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு ஏறத்தாழ எல்லாச் சோதனைகளும் வென்றதாகத் தெரியும். யாரும் ஒரு எண்ணைக்கூடத் திருத்தியிருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் அச்சமூட்டுவது. எதை வெளியிடுவது, எந்த அளவுகோலை முன்னே வைப்பது என்ற தேர்வு ஒன்றே போதும்.

இதற்கு மாற்றாக வந்ததே முன்பதிவு. சோதனையில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறோம், எதை, எந்த நாளில், எப்படி அளக்கப் போகிறோம், எந்த ஒன்றை முதன்மை அளவாகக் கொள்ளப் போகிறோம் என்பவற்றை யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். 2005 ஜூலைக்குப் பின் தொடங்கும் சோதனைகள் இவ்வாறு பதிவாகியிருந்தால்தான் அச்சிடுவோம் என்று முன்னணி மருத்துவ இதழாசிரியர்கள் கூட்டாக அறிவித்தார்கள். இந்தியாவுக்கான மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 ஜூலை 20 அன்று தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமாயிற்று. ஆனாலும் சோதனை தொடங்கிய பிறகு வந்து பதிவு செய்வதற்கு வழி திறந்தே இருந்தது. அந்த வழி அடைபட்டது 2018 ஏப்ரல் 1ஆம் நாள்தான். தேர்வு எழுதி முடித்த பிறகு வினாத்தாளைத் தயாரிப்பது போன்ற அந்த ஏற்பாடு பத்தாண்டுக்கு மேல் நீடித்தது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

முன்பதிவால் என்ன மாறியது? அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதியளித்த பெரிய சோதனைகளை 2015இல் இருவர் எண்ணிப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டுக்கு முன் வெளியான 30இல் 17 சோதனைகள் முதன்மை அளவில் பலன் காட்டியிருந்தன. பதிவு வழக்கத்துக்கு வந்த பிறகு வெளியான 25இல் இரண்டே பலன் காட்டின. மருந்துகள் திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை.

ஸ்டீராய்டு சோதனை: 'வேறுபாடு இல்லை' என்ற விடை

மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சான்பிரான்சிஸ்கோவின் பிராக்டர் கண் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஸ்டீராய்டு சோதனை, என்சிடி00324168 என்ற எண்ணில் அமெரிக்கப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டது. நிதியளித்தது அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம். 2006 செப்டம்பர் முதல் 2010 பிப்ரவரி வரை 500 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். மற்றவர்கள் அமெரிக்காவில் சேர்ந்தவர்கள். அனைவருக்கும் முதல் 48 மணி நேரம் மாக்சிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து தரப்பட்டது. அதன்பின் சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ஒப்பான சமவாய்ப்பு முறையில் பாதிப் பேருக்கு ஒரு விழுக்காடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுச் சொட்டும் சேர்த்துத் தரப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்றாம் மாதத்தில், கண்ணாடி போட்டுப் பெறக்கூடிய மிகச் சிறந்த பார்வை எவ்வளவு என்பதே முன்கூட்டியே குறிக்கப்பட்ட முதன்மை அளவு.

மருத்துவர் எம். சீனிவாசனை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2012இல் அச்சாயிற்று. இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு 0.009 லாக்மார். பார்வைப் பலகையில் ஒரு வரி என்பது 0.1 லாக்மார், ஆக, இது ஒரு வரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய எல்லையைக் காட்டும் நம்பக இடைவெளியின் இரு முனைகளும் (ஒரு பக்கம் 0.085, மறுபக்கம் 0.068) ஒரு வரிக்குள்ளேயே அடங்கின. இந்த இடைவெளியைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். இருபது பேரை மட்டும் வைத்துச் சோதித்து 'வேறுபாடு இல்லை' என்று எழுதினால், 'எங்களுக்குத் தெரியவில்லை' என்பதைத்தான் வேறு சொற்களில் எழுதியவர்களாவோம். 500 பேரைச் சோதித்து, உண்மையான வேறுபாடு எந்தப் பக்கம் இருந்தாலும் சராசரியில் அது ஒரு வரியைத் தாண்டாது என்று காட்டுவது ஒரு முழுமையான விடை. அதை 'ரிசல்ட் வரவில்லை' என்று இழுப்பறையில் போட்டிருந்தால், பல பத்தாண்டு வாதம் மேலும் பல பத்தாண்டு நீண்டிருக்கும்.

கட்டுரைக்குள் ஓர் இடறும் கல் இருந்தது. தொடக்கத்தில் விரலை எண்ணும் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோ பார்வை இருந்தவர்களிடையே ஸ்டீராய்டு பெற்றோர் 0.17 லாக்மார் மேலாக இருந்தனர். புண் முழுக்க நடுவில் இருந்தவர்களிடையேயும் அதுபோன்ற மேன்மை தென்பட்டது. வேறு கைகளில் இது தலைப்பாகியிருக்கக்கூடும்: 'கடுமையான புண்ணுக்கு ஸ்டீராய்டு பலனளிக்கிறது' என்று. ஆனால் முதன்மை அளவு எது என்பது பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததால், முதல் வரி 'வேறுபாடு இல்லை' என்றே அமைய வேண்டியிருந்தது. உட்பிரிவுகளின் கணக்கு அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில் நின்றது. அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. சேர்க்கப்பட்ட 500 பேரில் 55 பேருக்கு நோகார்டியா என்ற பாக்டீரியா இருந்தது. அவர்களைத் தனியே பார்த்தபோது ஸ்டீராய்டு பெற்றோரின் தழும்பு பெரிதாகியிருந்தது தெரிந்தது. நோகார்டியா அல்லாதவர்களிடம் ஓராண்டு முடிவில் சராசரியாக ஒரு வரி மேன்மை தென்பட்டது. ஒரே மருந்து ஒரு கிருமியின்மேல் சிறிது உதவியும் மற்றொன்றின்மேல் கேடும் செய்கிறது. இரண்டும் ஒரே குழுவால், ஒரே தரவிலிருந்து வெளியே சொல்லப்பட்டன.

பூஞ்சைச் சோதனை: பாதியில் நின்ற சேர்க்கை

இரண்டாவது கேள்வியின் வரலாறு இன்னும் சுவையானது. முதலில் 120 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 2010இல் அதன் முடிவு வெளியானது. நாட்டமைசினுக்கும் வோரிகோனசோலுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு அதில் தெரியவில்லை. அதோடு நிறுத்தாமல் அதே குழு பெரிய சோதனையைப் பதிவு செய்து தொடங்கியது. 368 பேரைச் சேர்ப்பது திட்டம். 2010 ஏப்ரலில் சேர்க்கை தொடங்கியது.

இத்தகைய சோதனைகளில், மருத்துவர்களுக்கும் தெரியாமல் இடையிடையே தரவைத் திறந்து பார்க்கும் உரிமை ஒரு தனிக் குழுவுக்கு மட்டுமே உண்டு. தரவு மற்றும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு என்பது அதன் பெயர். அடிக்கடி திறந்து பார்ப்பது ஆபத்தான வேலை. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்து, தலை அதிகமாக விழுந்திருக்கும் நேரம் பார்த்து நிறுத்திவிட்டால் எந்த நாணயத்தையும் கள்ள நாணயம் என்று நிரூபித்துவிடலாம். ஆகவே எப்போது பார்ப்பது, எவ்வளவு வேறுபாடு கண்டால் நிறுத்துவது என்பவையும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கே இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு தெளிவாகிவிட்ட நிலையில், கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி 323 பேரோடு சேர்க்கை நிறுத்தப்பட்டது.

மருத்துவர் என். வெங்கடேஷ் பிரஜ்னாவை முதல் ஆசிரியராகக் கொண்டு 2013இல் வெளியான முடிவு, மருத்துவர்களின் பெரும்பான்மைக் கருத்துக்கு நேர்மாறானது. நாட்டமைசின் பெற்றவர்களின் பார்வை மூன்றாம் மாதத்தில் 0.18 லாக்மார், அதாவது ஏறத்தாழ இரண்டு வரி, மேலாக இருந்தது. கருவிழியில் ஓட்டை விழுவதோ அவசரமாக மாற்றுக் கருவிழி பொருத்த நேர்வதோ அவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் புண் வந்தவர்களிடம் வேறுபாடு நான்கு வரியை எட்டியது. மற்றப் பூஞ்சைகளில் வேறுபாடே இல்லை, அதுவும் ஒளிக்கப்படவில்லை. தட்டில் தோற்ற மருந்து கண்ணில் வென்றது. ஆய்வகத் தட்டையும் நிபுணர்களின் எண்ணத்தையும் மட்டும் நம்பியிருந்தால், உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் புதிய மருந்தை வாங்கிக் கூடுதலாகப் பார்வை இழந்திருப்பார்.

அதே வேளையில் இணையாக இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. கடுமையான பூஞ்சைப் புண்ணுக்கு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துத் தரலாமா என்பது அதன் கேள்வி. அதில் எல்லோருக்கும் வோரிகோனசோல் சொட்டு தரப்பட்டுவந்தது. 323 பேர் கொண்ட அந்தச் சோதனையின் முடிவு தெரிந்ததும், அதே ஏற்பாட்டைத் தொடர்வது அறமன்று என்று, எல்லோருக்கும் நாட்டமைசினும் சேர்க்கப்பட்டது. நடுவழியில் சிகிச்சையை மாற்றினால் கணக்கின் தூய்மை குலையும். மாற்றாவிட்டால் மனிதர் கெடுவார். மாற்றினார்கள், மாற்றியதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதினார்கள். 240 பேரோடு முடிந்த அந்தச் சோதனையும் மாத்திரையால் ஒட்டுமொத்தப் பலன் இல்லை, பக்கவிளைவு கூடுதல் என்று 2016இல் அறிவித்தது. புற ஊதாக் கதிரால் கருவிழியை இறுக்கும் புதிய முறையைப் பூஞ்சைப் புண்ணில் சோதித்த பிற்கால ஆய்வும், 111 பேரைப் பார்த்து, பலனில்லை, பார்வை குறையவும் கூடும் என்றே 2020இல் சொன்னது. ஒரே ஊரிலிருந்து இத்தனை 'இல்லை'கள் அச்சேறியிருப்பதை நான் அந்த ஊரின் பெருமையாகவே கருதுகிறேன். நாட்டமைசின் சொட்டு மருந்து 2017இல் உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றது.

திறந்த கதவும் திறக்காத கதவும்

குறையின்றி இதைச் சொல்லி முடிக்க முடியாது. அமெரிக்க அரசு நிதி பெற்றவை என்பதால், 2008இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி இக்கட்டுரைகளின் முழு வடிவமும் பொது இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டியவை. இந்தியப் பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு இத்தகைய உறுதி இன்றும் பலவீனமாகவே இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது; அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் இதழ்களைத் திறந்துவிடுகிறது. திருமங்கலத்தில் சொந்தமாகச் சிகிச்சையகம் வைத்திருக்கும் மருத்துவர் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. படிக்கக் காசு கொடுப்பதைவிட, எழுதியதைத் திறந்து வைக்கச் செய்வதே மலிவும் நேர்மையும் என்பது என் கருத்து, மறுப்போரும் உண்டு.

இன்னொரு கதவு, பங்கேற்றவர்களுக்கானது. சோதனையில் சேரும்போது நோயாளியிடம் அவருடைய மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும், அது சட்டம். சோதனை முடிந்தபின் பொது முடிவை அறிந்துகொள்ளும் வாய்ப்புப் பங்கேற்றவர்க்குத் தரப்பட வேண்டும் என்று மனிதர்மீதான மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவக் கழகம் வகுத்த அறநெறி ஆவணமான ஹெல்சிங்கி அறிக்கையின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. எந்த மொழியில், எவ்வளவு நாளுக்குள் என்று அது சொல்வதில்லை. ஒப்புதல் தாள் தமிழில் இருக்க, முடிவு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது நம் நாட்டின் பொது வழக்கம். எந்த ஆய்வு நிறுவனமும் ஒரு பக்கத் தாளால் இதைச் சரிசெய்ய முடியும். பூஞ்சைச் சோதனையை மாதிரியாக வைத்து அந்தத் தாளை எழுதிப் பார்த்தேன்:

'நீங்கள் பங்கேற்ற சோதனையில் மொத்தம் 323 பேர் இருந்தீர்கள். கண்ணில் பூஞ்சையால் வந்த புண்ணுக்குச் சிலருக்குப் பழைய மருந்தும் சிலருக்குப் புதிய மருந்தும் தரப்பட்டன. எது நல்லது என்பது அப்போது எங்களுக்கும் தெரியாது. பழைய மருந்தாகிய நாட்டமைசின் பெற்றவர்களுக்குப் பார்வை கூடுதலாகத் தேறியது; அவர்கள் கருவிழியில் ஓட்டை விழுந்ததும் குறைவு. இது தெளிவானதும் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம். உங்களால் கிடைத்த இந்த விடையைக் கொண்டு இனி வருபவர்களுக்கு மருந்து தருகிறோம். கண்ணில் நெல்லோ செடியோ அடித்தால், கடையில் சொட்டு மருந்து வாங்கி விடாமல் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். நீங்கள் பெற்ற மருந்து:'

அந்தக் கடைசி வரியில், பேனாவால் நிரப்புவதற்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.